தாய்மாமன் கடித்த வாசனை மெழுகு

1. தட்டில் இருந்தது

ஓட்டல் வேலையில் விருந்தாளிகள் செய்கிற கூத்துகளுக்குப் பஞ்சமே கிடையாது. டவலைச் சுருட்டிப் பெட்டியில் வைப்பார்கள். ரிமோட்டில் இருக்கிற பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போவார்கள். ஒருவர் சுவர்க்கடிகாரத்தையே கழற்றிவிட்டு, ஆணி மட்டும் எங்களுக்கு என்று விட்டுவிட்டுப் போனார். இதெல்லாம் எனக்குப் பழகிப்போனது. ஆனால் ஒரு பெரிய மனிதர் மெழுகைக் கடித்துவிட்டு, துப்பவும் கூச்சம், விழுங்கவும் பயம் என்று, மீதிப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து முழித்ததை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அவர் ஏரலில் இருந்து வந்திருந்த கல்யாணக் கூட்டத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன். நான் தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் ஒரு நடுத்தர ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். இப்போது அந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், கடைசியில் கணக்கை மட்டும் மறக்காதீர்கள்.

அவர் கடித்தது வாக்ஸ் மெல்ட், அதாவது திரி இல்லாத வாசனை மெழுகு. சின்ன மின்சார வார்மரில் வைத்து சுவிட்சைப் போட்டால் உருகி மணம் விடும். எங்கள் ஓட்டலுக்கு அது ஆடம்பரம் இல்லை, அத்தியாவசியம். ரூம் ரெண்டு நாள் பூட்டிக் கிடந்தால் போதும், உப்புக்காற்றின் ஈரத்தில் மெத்தையும் திரைச்சீலையும் ஒரு புழுங்கல் வாடை அடிக்கும். காற்று திசை மாறினால் கருவாடு காயப்போட்ட இடத்து மணமும் சேர்ந்து மாடி ஏறும். கருவாடு எனக்குப் பிடிக்கும், ஆனால் சோற்றோடுதான். தலையணையில் யாருக்குப் பிடிக்கும்?

2. செலின்

முதலில் நாங்கள் கடை மெழுகுதான் வாங்கினோம். சதுரம் சதுரமாக, கட்டியாக, பிளாஸ்டிக் டப்பாவில் வரும். அதை மாற்றியது செலின்.

செலின் எங்களிடம் ரூம் கிளீனிங்குக்கு வருவதற்கு முன்னால் பல வருஷம் ஒரு பேக்கரியில் மக்ரூன் போட்டவள். முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, முந்திரித்தூள் கலந்து, கோனில் வைத்துச் சுழித்துப் பிழிகிற கை. ஓட்டலில் நாலு வருஷம் மாடி ஏறி இறங்கியதில் முழங்கால் போய்விட்டது. குனிந்து மெத்தை விரிக்க முடியவில்லை. மகள் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டால் அந்தப் படிப்பு அங்கேயே நின்றுவிடும். அவளை லினன் ரூமில் உட்கார வைத்து, துணி மடிக்கக் கொடுத்துப் பார்த்தேன். துணி மடிக்க முழுநாள் ஆள் எதற்கு என்று ஒருநாள் கேள்வி வரும் என்பது எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியும்.

ஒருநாள் கடை மெழுகின் துண்டு துணுக்குகளை உருக்கி, பாதி ஆறி கூழ் மாதிரி இருக்கும்போது முட்டை அடிக்கிற பீட்டரால் அடித்துப் பார்த்தாள். நுரைத்து வந்தது. கோனில் போட்டுப் பிழிந்தாள். தட்டு முழுக்க வெள்ளை வெளேரென்று கூம்பு கூம்பாக நின்றது. பார்த்துவிட்டு, "ஏளா செலின், பழைய பேக்கரிக்கே போயிட்டியா?" என்று கேட்டேன். வாய் கொள்ளாமல் சிரித்தாள். அதன் பிறகு மெழுகுக்கட்டியும் சென்ட் ஆயிலும் வாங்கிக் கொடுத்தேன். ஓட்டல் முழுக்க அவள் மெழுகுதான். வெனிலா மணம் அவளே தேர்ந்தெடுத்தது.

வம்பு அதில்தான் இருந்தது. கல்யாணக் கூட்டம் வந்த அன்று லினன் ரூமில் ஏசி வேலை செய்யவில்லை. சித்திரை வெயிலில் மெழுகு தொய்ந்துவிடும் என்று, பிழிந்த தட்டை ரிசப்ஷன் ஓரத்து மேசையில் ஏசிக்கு நேராக வைத்துவிட்டுப் போனாள். கல்யாண வீட்டார் வரவேற்புக்கு மக்ரூன் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அது இன்னும் வந்து சேரவில்லை. தாய்மாமன் தட்டைப் பார்த்தார். கூம்பு வடிவம், வெள்ளை நிறம், வெனிலா மணம். தூத்துக்குடியில் இதைப் பார்த்து வேறு என்ன நினைக்க முடியும்? சென்னையாக இருந்தால் பூ ஜாடிக்குப் பக்கத்தில் வைத்த அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டரிடம் போனில் கேட்டோம். வாய் கொப்பளிக்கட்டும், ஒன்றும் ஆகாது என்றார். மாமா பேசாமல் போய்க் கொப்பளித்தார். அவருக்காக அவருடைய அக்கா, தங்கை, மச்சினன் எல்லாம் சேர்ந்து கத்தினார்கள். அவர் கையில் இருந்த பாதி மெழுகை நான் வாங்கி பேப்பரில் மடித்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். தடயத்தை மறைக்க அல்ல. எதையும் சட்டென்று குப்பையில் போட எனக்குக் கை வராது.

3. அண்ணாச்சி கேட்ட கணக்கு

முதலாளி கடைக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சத்தம் போட மாட்டார். சத்தம் போட்டாலாவது மனசு கொஞ்சம் ஆறும். தட்டை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"பகவதி, செலின் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா நாம ஓட்டலா நடத்துதோம், மெழுகு கம்பெனியா நடத்துதோம்? கடையில வாங்குனா என்ன விலை, இங்கன செஞ்சா என்ன விலை, ஒழுங்கா கணக்கு போட்டுக் கொண்டா. எது கம்மியோ அதுதான்."

கடை மெழுகு ஜெயித்தால் செலின் என்ன செய்வாள் என்று கேட்டேன். மாடி வேலைக்குப் போகட்டும் என்றார். முடியாதே அண்ணாச்சி என்றேன். அவர் மேசையில் இருந்த பேனாவை நேராக எடுத்து வைத்தார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் காலையில் லினன் ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மெழுகு, சென்ட் ஆயில், இண்டக்‌ஷன் அடுப்புக்குக் கரண்ட், பாத்திரத்தில் ஒட்டிப் போகிற வேஸ்ட், எல்லாம் சேர்த்து ஒரு துண்டுக்கு எட்டு ரூபாய். செலின் உட்கார்ந்து செய்கிற நேரத்துக்குச் சம்பளத்தைப் பிரித்துப் போட்டால் இன்னும் நாலு ரூபாய். ஆக மொத்தம் பன்னிரண்டு. கடைத் துண்டு ஒன்பது ரூபாய். ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்றது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் எப்படியும் மாதச் சம்பளத்தில்தான் இருக்கிறாள், அந்த நாலு ரூபாயைப் போடாமல் விட்டால் எட்டுதான், நாமதான் கம்மி, அண்ணாச்சியும் நம்பிவிடுவார் என்று சொன்னேன். அவளைக் காப்பாற்றுகிற சந்தோஷத்தில் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

செலின் என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் பகவதி. என் கூலியப் போடாம என்னக் காப்பாத்துனியன்னா, நான் ஒண்ணும் செய்யலன்னுதான அர்த்தம். அடுத்த மாசம் செலினுக்கு எதுக்குச் சம்பளம்னு கேட்டா, நீ என்ன சொல்லுவ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு பற்றி எரியும்போது நியாயம் பேசுகிறாளே என்று முணுமுணுத்தேன். அவள் காதில் விழுந்தும் விழாத மாதிரி துணி மடிக்கப் போய்விட்டாள். ஆனால் அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. நாலு ரூபாயை அடிக்கவில்லை.

4. பாதி

அந்தப் பன்னிரண்டு ரூபாய்க் கணக்கோடு காலி ரூம்களைப் பார்க்க மாடிக்குப் போனேன். எதிரே பெட்டியோடு ஒருவர் வந்தார். கப்பல் வேலையாக வந்து, முந்தின சாயங்காலம் புக்கிங் எதுவும் இல்லாமல் ரூம் எடுத்தவர். சாவியை நீட்டிக்கொண்டே, ரூம் கதவைத் திறந்ததும் மணம் நன்றாக இருந்தது, அது என்ன என்று கேட்டார்.

எனக்குப் பொறி தட்டியது. அந்த ரூமில் நான் வைத்தது முழுத் துண்டே இல்லை. தட்டைப் பூட்டிவிட்டதால் கையில் மெழுகு இல்லாமல், பாக்கெட்டில் கிடந்த தாய்மாமன் கடித்த பாதியைத்தான் வார்மரில் போட்டிருந்தேன். கடித்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்தேன், மரியாதைக்கு.

உள்ளே போய்ப் பார்த்தேன். வார்மரில் கொஞ்சம் ஏடு மாதிரி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். பக்கத்து ரூமுக்குப் போனேன். அங்கே முதல் நாளே முழுத் துண்டு வைத்தது. ஆள் காலி செய்த பிறகும் வார்மர் நிறைய மெழுகு, மணமும் இன்னும் பாக்கி. அதை நாங்கள் தினமும் என்ன செய்வோம்? சுரண்டிக் குப்பையில் போடுவோம். ஒருத்தர் தங்கின ரூமில் உருகின மெழுகை அடுத்தவருக்கு வைக்க முடியாது. இத்தனை நாளாகப் பாதிக் காசைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, மீதிப் பாதிக்கு ஓட்டல் நடத்தியிருக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். ரூம் மணம் விருந்தாளிக்கு எப்போது தேவை? கதவைத் திறக்கிற அந்த நேரத்துக்கு. கொஞ்ச நேரத்தில் அவர் மூக்கு பழகிவிடும், ஏசியைப் போடுவார், டிவியைப் போடுவார், பிரியாணி வரவழைப்பார். ராத்திரி முழுக்க மணக்கிற மெழுகு அவருக்குப் பிரயோஜனமே இல்லை.

கீழே ஓடி வந்து செலினிடம் சொன்னேன். சின்னதாகப் பிழிந்தால் கணக்கு எப்படி வரும் என்று பார்த்தோம். மெழுகும் ஆயிலும் பாதியாகிவிடும், நாலு ரூபாய். அவள் நேரம் அவ்வளவு குறையாது, பிழிகிற கை ஒவ்வொன்றையும் பிழிந்துதானே ஆகவேண்டும். அதற்கு மூன்று. மொத்தம் ஏழு.

அண்ணாச்சி பேப்பரைப் படித்துவிட்டு, கடைக்காரப் புத்தி என்று நான் எப்போதும் மெச்சுகிற கேள்வியைக் கேட்டார். "அப்போ கடைத் துண்டையும் ரெண்டா வெட்டு. நாலரைதான வருது."

செலின் வாசலில் நின்றிருந்தாள். அவள்தான், ரெண்டையும் வைத்துப் பார்த்துவிடலாம் அண்ணாச்சி என்றாள்.

பக்கத்துப் பக்கத்து ரூமில் வைத்தோம். அண்ணாச்சியே விருந்தாளி. ரிசப்ஷனில் ஆதார் ஜெராக்ஸ் எடுத்து, கையெழுத்து வாங்கி, அட்வான்ஸ் எழுதி, சாவி வாங்கி, லிஃப்டில் வருகிற வரைக்கும் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் வார்மருக்கு. எங்களிடம் பாதிப் பேர் புக்கிங் இல்லாமல் வருகிறவர்கள். ரூம் தயாராக அந்த இடைவெளிதான் கிடைக்கும். முதல் ரூம் கதவைத் திறந்தார். கடை மெழுகு கட்டியாக அப்படியே உட்கார்ந்திருந்தது, அடியில் மட்டும் கொஞ்சம் கசிந்திருந்தது. ரூமில் பழைய புழுங்கல் வாடைதான். ரெண்டாவது கதவைத் திறந்தார். நுரைத்த மெழுகு இல்லையா, செலினுடையது சுருண்டு உருகி முடிந்திருந்தது. அண்ணாச்சி வாசலிலேயே நின்று ஒரு மூச்சு இழுத்தார். உள்ளே போய் இன்னொரு மூச்சு இழுத்தார்.

பேப்பரை மறுபடி வாங்கிப் பார்த்தார். "இந்த மூணு ரூபா என்ன?"

"செலின் கூலி அண்ணாச்சி," என்றேன்.

"சரி, இருக்கட்டும்," என்றார். பிறகு, "அந்த வெள்ளைக் கலரும் வெனிலாவும் வேண்டாம், தாயி," என்று செலினிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றிலிருந்து பச்சை நிறம், எலுமிச்சைப்புல் மணம். கோனை ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டியால் சிப்பி மாதிரி வழித்துப் போட்டாள். தாய்மாமன் கல்யாணம் முடிந்து கிளம்பும்போது செலினைத் தேடி லினன் ரூமுக்கே வந்தார். "எம்மா, நல்லாத்தான் செஞ்சிருந்த. இன்னும் கொஞ்சம் சீனி போட்டிருந்தா முழுசும் தின்னிருப்பேன்," என்றார். செலின் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பில் வந்த கண்ணீர் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.

5. பிள்ளைகளுக்கு

விலையை ஒப்பிடும்போது ஒரு துண்டு என்ன விலை என்று கேட்காதீர்கள். அது எந்த வேலைக்கு, அந்த வேலை ஒரு தடவை முடிய என்ன செலவாகிறது என்று கேளுங்கள். மெழுகுக்கும் இதுதான், பினாயிலுக்கும் இதுதான். வீட்டில் செய்ததா கடையில் வாங்கியதா என்பது அதற்கு அப்புறம். வீட்டில் செய்தது என்றால், செய்த கைக்கு உள்ள கூலியையும் எழுதிவிடுங்கள். எழுதியும் ஜெயித்தால்தான் அது ஜெயம்.

செலினின் மகள் படித்து முடித்து இப்போது மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். செலின் இன்னும் லினன் ரூமில்தான் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற அன்று ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தாள். நிஜமான மக்ரூன், அவள் வீட்டில் செய்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். பழக்கம் விடுமா, முந்திரி இன்றைக்கு என்ன விலை விற்கிறது, முட்டை எத்தனை போட்டிருப்பாள் என்று வாய் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது.

செலின் இன்னொரு மக்ரூனை எடுத்து என் வாயில் வைத்து அடைத்தாள்.

"ஏளா, இதுல மட்டும் என் கூலியச் சேக்காத."