ஆறு வரிச் சட்டமும் ஒரு ஜன்னல் சீட்டும்

வகுப்பில் ஒழுங்கைக் கொண்டுவருவது ஆசிரியர் வேலையில் பாதி. அது ஏன் வரவில்லை என்று விளக்கம் சொல்வது மறுபாதி. கையில் ஒரு சாக்குக் கட்டியை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது பிள்ளைகளின் முன் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொன்னால் கொஞ்சம் ஆறும்.

நான் மட்டாஞ்சேரியில் ஒரு தொடக்கப்பள்ளியின் தமிழ்ப் பிரிவில் நான்காம் வகுப்பு டீச்சர். என் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், தெருவில் மலையாளம் பேசுவார்கள், வகுப்பில் இரண்டிலும் கத்துவார்கள்.

நிபந்தனை

இந்த வருடம் சுற்றுலா திருப்பூணித்துறை அரண்மனைக்கு. படகில் எர்ணாகுளம், அங்கிருந்து மெட்ரோ. என் பிள்ளைகளில் பெரும்பாலோர் மெட்ரோவைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்கள்தான். செய்தி தெரிந்த அன்றே ஜன்னல் சீட்டுக்கு அடிதடி. சத்தம் தலைமையாசிரியையின் அறைவரை போய், அவரே வந்துவிட்டார். முதலில் வகுப்பு விதிகளை எழுதி மாட்டுங்கள் என்றார்.

ஆறு விதிகளைப் பெரிய எழுத்தில், பிழையில்லாத தமிழில் எழுதி மாட்டினேன். அவர் மலையாளி, தமிழ் எழுத்து தெரியாது. பலகையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஒரு மாசம் பார்க்கட்டே டீச்சரே. குட்டிகள் இதைப் படிச்சு, அர்த்தம் சொல்லி, அதுபோல நடந்தால் மெட்ரோ. இல்லெங்கில் இல்லா.”

பள்ளிக்கு நேரத்தில் வா

இது முதல் விதி. மறுநாளே அன்வர் கால் மணி நேரம் தாமதமாக வந்து வாசலில் நின்றான். நான் பலகையைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தான். வாசிக்க வாசிக்க அவன் முகத்திலிருந்த பயம் போய் ஒரு நிம்மதி வந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை: மலையாளத்தில் பள்ளி என்றால் மசூதி, அல்லது மாதா கோயில். அன்வர் தினமும் காலையில் மசூதியில் ஓதப் போகிறவன்.

“அது சரியாத்தான் செய்தேன் டீச்சர். பள்ளிக்கு ஏழு மணிக்கே போயாச்சு. ஸ்கூலுக்குத்தான் லேட்டு.”

வரிசையில் பொறுமையாக இரு

மதியச் சோற்றுக்கு வரிசை. முந்தின நாள் தள்ளுமுள்ளில் இரண்டு பேர் தட்டோடு விழுந்திருந்தார்கள். மழை விட்டு முற்றமெல்லாம் சேறு. அதனால் முன்கூட்டியே, “இரண்டாவது விதி என்ன?” என்று கேட்டேன். முப்பது குரலும் ஒன்றாக, “வரிசையில் பொறுமையாக இரு!” என்றன. சொன்ன கையோடு முப்பது பேரும் சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ‘இரு’ அவர்களுக்கு மலையாள ‘இரி’, அதாவது உட்கார். வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

சமையல் செய்யும் சேச்சி கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள்.

“கல்யாணமா டீச்சரே? எல போடட்டே?”

வகுப்பில் பேசாதே

கணக்குப் பாடத்தில் கார்த்திகாவும் பக்கத்தில் இருந்த சுபைதாவும் குசுகுசுவென்று இருந்தார்கள். மெட்ரோவுக்குக் குலுக்கிப் போட்டதில் சுபைதாவின் பங்குக்கு ஒரு ஜன்னல் சீட்டு விழுந்திருந்தது. அது நான்கு சாம்பக்காய்க்குக் கார்த்திகாவிடம் கை மாறிக்கொண்டிருந்தது. கார்த்திகா வீட்டு ஜம்பு மரத்துக் காய், சிவப்பு, நல்ல பருமன். மூன்றாவது விதியைக் காட்டி, “ஏன் பேசினாய்?” என்றேன். கார்த்திகாவின் கண் கலங்கிவிட்டது. மலையாளத்தில் பேசுவது என்றால் பேரம் பேசுவது என்பது எனக்குச் சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது.

“சத்தியமா பேசல டீச்சர். அவ கேட்டத அப்படியே குடுத்துட்டேன்.”

அப்பா வந்தார்

கார்த்திகாவின் அப்பா மாநகராட்சியில் துப்புரவுப் பணி செய்பவர். வேலை உடுப்போடு நேராக வந்தார். மகள் இரண்டு நாளாக அழுகிறாள், மெட்ரோ போய்விடுமா என்று கேட்டார். ஆறு விதியும் படித்து நடந்தால் போகாது, வீட்டில் தினமும் வாசிக்க வையுங்கள் என்றேன். அவர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தார்.

“டீச்சர், எனக்கும் என் மோளுக்கும் தமிழ் காதுல ஏறும். கண்ணுல ஏறாது.”

அவசரமானால் கை தூக்கு

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். பக்கத்து வகுப்பு மலையாள டீச்சர் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். ஆண்டு விழாவில் பாடப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாராம். கார்த்திகா விதிப்படி கை தூக்கி, “டீச்சர், அவசரம்” என்றாள். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. பிள்ளைக்கு எவ்வளவு ஆர்வம் என்று மகிழ்ந்துபோய், “எல்லாருக்கும் அவசரம் உண்டு மோளே, அவிடே இரி” என்றிருக்கிறார் அவர். கார்த்திகா கையை இறக்காமல் இருந்தாள். பத்து நிமிடம் கழித்து அவளைப் பாட அழைத்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பெஞ்சுக்குக் கீழே தரை ஈரம்.

“பாட்டு வேண்டா டீச்சர். அவசரம் போச்சு.”

ஆசிரியரை மதி

மாதம் முடிந்தது. தலைமையாசிரியை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்தாவது விதி, நகம் வெட்டி வா. முப்பது ஜோடிக் கைகள் நீண்டன; எல்லாம் சுத்தம். இரண்டு மொழியிலும் நகம் நகம்தான். இதிலிருந்தே தொடங்கினாரே என்று எனக்கு உயிர் வந்தது.

அடுத்து ஆறாவது விதிக்குக் கார்த்திகாவை எழுப்பினார். ஒரு எழுத்தும் தட்டாமல் வாசித்தாள்: “ஆசிரியரை மதி.” அவள் அப்பா எங்கோ யாரையோ பிடித்து வாசிக்கப் பழக்கியிருக்க வேண்டும்.

“அர்த்தம்?”

“டீச்சர் மதி.”

மலையாளத்தில் மதி என்றால் போதும். தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். “டீச்சர் மதியோ?” என்று மறுபடி கேட்டார். கார்த்திகா தவறு நேர்ந்துவிட்டதோ என்று பதறி, விளக்கமாகச் சொன்னாள்: “எங்களுக்கு இந்த டீச்சர் மதி. வேற ஒண்ணும் வேண்டா.” உடனே மற்ற இருபத்தொன்பது பேரும் எழுந்து, “மதி! மதி!” என்று கத்தினார்கள். பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. முப்பது வருட வேலையில் என்னை இப்படி யாரும் சொன்னதில்லை. சொல்லக்கூடாத நேரத்தில் சொன்னார்கள்.

தலைமையாசிரியை எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். அவர் உதடு சிரித்ததா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. “அர்த்தம் தப்பு, ஒச்சையும் சத்தமும் போட்டாச்சு,” என்றவர் வாசலில் நின்றார். “ஒரு டீச்சரே மதி எங்கில், பின்னே மெட்ரோ எதுக்கு?”

அவர் போன பிறகு வகுப்பில் முதல்முறையாக அமைதி. பலகையைக் காட்டாமலே வந்த அமைதி. கார்த்திகா என் மேசைக்கு வந்து நின்றாள். அழவில்லை.

“அப்போ டீச்சர், என் நாலு சாம்பக்கா?”

விதியை மீறும் பிள்ளையைத் திருத்த ஆசிரியப் பயிற்சியில் ஆயிரம் வழி சொல்லிக்கொடுத்தார்கள். தனக்குப் புரிந்தபடி ஒன்றுவிடாமல் கடைப்பிடிக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.