மாப்பிள்ளை வீட்டில் நீர்மூழ்கிக் கப்பல்

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் நான்கு கார்களாவது பறக்க வேண்டும், ஜெயித்தோமா தோற்றோமா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட வேண்டும். என் மாமா விளையாடியதில் இது எதுவுமே கிடையாது. திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் கடல். அதில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல், மாட்டு வண்டி வேகத்தில், எங்கோ போய்க்கொண்டே இருக்கும். காலையில் இட்லி தின்னும்போது கிளம்பிய கப்பல் மத்தியானச் சோற்றுக்கும் எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்காது.

பீன்யாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்களோடுதான் இருந்தார். வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் கடலுக்கடியில் வைத்திருந்தார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. எளிதாக விளையாட வழி இருந்தும் அதையெல்லாம் அணைத்துவிட்டு, காற்று தீர்வது, பேட்டரி இறங்குவது என்று எல்லாக் கஷ்டத்தையும் தேடித் தேடிச் சேர்த்துக்கொள்வார். கேட்டால், “நெஜத்துல எப்பிடியோ அப்பிடியே இருக்கணும்மா” என்பார். இத்தனைக்கும் எதிரிக் கப்பல் ஒன்றைக்கூட அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. எவனாவது தூரத்தில் தெரிந்தால் மூழ்கி, எந்திரத்தை அணைத்து, மூச்சுவிடாமல் கிடப்பார். அப்போது வீட்டிலும் சத்தம் கூடாது.

“அவன் கப்பலு முழுகினா நானு சட்னி அரைக்கக் கூடாதா?” என்று அம்மா கத்துவாள். ஆனாலும் மிக்ஸியை நிறுத்திவிட்டுத்தான் கத்துவாள்.

அம்மாவின் கவலையே வேறு. தம்பிக்கு வயது ஏறிக்கொண்டே போனது. நாங்கள் பெண் பார்த்துப் பிடித்துவிட்டால், அடுத்துப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். பிடித்திருந்தால் எங்கள் வீட்டில் கை நனைத்துச் சாப்பிடுவார்கள். இல்லையென்றால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். அப்படித் தண்ணீர் குடித்தே பல குடும்பங்கள் போய்விட்டன. அவர்களுக்காகச் செய்த பிரியாணியை நாங்கள் மறுநாளும் தின்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் தங்கவயல்காரர்கள். அம்மாவும் மாமாவும் பிறந்து வளர்ந்த அதே ஊர். பெண்ணின் அப்பா தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்து, சுரங்கம் மூடியபின் வீட்டோடு இருப்பவர். அதனால் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தின் மேல் உயிர். இதுவும் தட்டிப்போனால் இனி யாரையும் கூப்பிட முகம் இல்லை என்று விடியும்போதே அழுதாயிற்று. மாமாவோ விடியும்போதே கப்பலைக் கிளப்பியிருந்தார்.

“ஆளுங்க வர்ற நேரத்துல இன்னாடா இது? ஆஃப் பண்ணித் தொலைடா!”

“நடுக்கடல்ல இருக்குதுக்கா.”

ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் அப்படியே நிற்கும். எனக்கே தெரியும். ஆனால் கடலில் ஏது பொத்தான் என்பது அவர் கட்சி. கடைசியில் என் தலையில் ஹெட்போனை மாட்டி நாற்காலியில் உட்கார்த்தினார். “சும்மா கேட்டுக்கினே இரு. மேல கப்பல் சத்தம் வேகமா வந்துச்சுன்னா என்கிட்ட வந்து சொல்லு.” என்னைப் பூட்டிவைத்த மாதிரியும் ஆயிற்று என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

கூடத்தில் பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் காதில் தண்ணீர்ச் சத்தம். பிறகு சக் சக்கென்று ஒரு விசிறி சுற்றும் சத்தம். அது வேகமெடுத்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக, மாமாவிடம் சொல்ல எழுந்து ஓடினேன். ஹெட்போனைக் கழற்றத் தோன்றவில்லை. வயர் பிடுங்கிக்கொண்டது. சிவாஜிநகரில் வாங்கி மாமா கட்டிலுக்கடியில் வைத்திருந்த பெரிய ஸ்பீக்கரில், மேலே இருந்தவன் போட்ட குண்டு வெடித்தது.

தரை அதிர்ந்தது. அலமாரிக் கண்ணாடி கடகடத்தது. பெண்ணின் அப்பா எழுந்து, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். பின்னாலேயே அவர் மனைவி. அவர்களுக்கும் பின்னால், கையில் கரண்டியோடு என் அம்மா. பெங்களூரிலேயே பிறந்த என் அப்பா மட்டும் ஒன்றும் புரியாமல் சோபாவில் இருந்தார். தங்கவயலில் பூமிக்குள் பாறை வெடித்தால் மேலே வீடுகள் இப்படித்தான் அதிருமாம். உடனே எல்லோரும் சுரங்க வாசலுக்கு ஓடுவார்களாம். காக்ஸ் டவுனில் அவர்கள் எந்தப் பக்கம் ஓடுவது? தெருவில் நின்று அந்தப் பெரியவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனாய்த்து சார்?” என்று எதிர்வீட்டுக்காரர் கன்னடத்தில் என்ன ஆச்சென்று கேட்டதும்தான் அவருக்கு நிலைமை புரிந்தது. முகம் சிவக்க உள்ளே வந்தார். போச்சு, இன்றைக்குத் தண்ணீர்கூட இல்லை என்று நினைத்தேன்.

மாமா தெருவுக்கு ஓடவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். இப்படியும் ஒரு மனிதனா!

“இன்னாப்பா இது?” என்று கத்தினார் பெரியவர்.

மாமா திரும்பவில்லை. “குண்டு போட்டுட்டான் சார். உள்ள தண்ணி ஏறுது.”

பெரியவர் திரையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “உள்ள எத்தினி பேரு?”

“நாப்பது பேரு இருப்பாங்க.”

“மேல ஏத்திடலாமா?”

“பாக்கலாம் சார்.”

“இன்னா பாக்கலாம்? ஏத்துப்பா!” என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப்பின் நடந்ததுதான் அநியாயம். திட்டவேண்டிய அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். மின்விசிறியையும் நிறுத்தினாள். பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். வெக்கையில் எனக்கு வியர்த்து ஊற்றியது, பசி வேறு. வாயைத் திறந்தால் நாலு பேரும் முறைத்தார்கள். மாமா ஓட்டையை அடைப்பதும் தண்ணீரை இறைப்பதுமாக நேரத்தைக் கடத்தினார். கப்பல் பையப் பைய மேலே வந்தது. கடைசியில் திரையில் தண்ணீர் வழிந்து வானம் தெரிந்தது.

“எல்லாரும் இருக்காங்களா?” என்றார் பெரியவர்.

“இருக்காங்க சார். ஒருத்தரும் போகல.”

பெரியவர் மாமாவின் தோளைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மாவிடம், “கை கழுவத் தண்ணி குடும்மா, பசிக்குது” என்றார். அம்மா அழுதுகொண்டே ஓடினாள்.

அம்மாவின் அப்பா சுரங்கத்தில் இறங்கி மேலே வராமலே போனவர் என்பதும், அன்று வாசலில் காத்து நின்றபோது மாமாவுக்கு என் வயதுகூட இல்லை என்பதும் எனக்கு முன்பே தெரியும், வாய்ப்பாடு தெரிகிற மாதிரி. அதற்கும் இந்த விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தெரியவில்லை. பெரியவர்கள் இத்தனை பேர் ஒரு பொம்மைக் கப்பலுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு வெட்கமாக இருந்தது. பிரியாணியும் ஆறிப்போயிருந்தது. பொறுக்க முடியாமல் மாமாவிடமே கேட்டேன்.

“ஒரு கப்பலைக்கூட சுடல. அப்போ யாரு மாமா ஜெயிச்சாங்க?”