தவக்காலத்தில் நான் விட்ட மாத்திரை

எங்கள் தெருவில் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்துவிட்டால், ஈஸ்டர் வரை ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். அதற்குப் பேர் ஒறுத்தல். என் நாத்தனார் டீயை விடுவார். எதிர்வீட்டுக்காரர் சிகரெட்டை விடுவார். ஈஸ்டர் அன்று காலையில் முதல் ஆளாகப் பெட்டிக்கடை வாசலில் நிற்பதும் அவர்தான். நாற்பது நாளும் கோழியோ ஆட்டுக்கறியோ யார் வீட்டுக் குசினிக்குள்ளும் நுழையாது. அதற்குப் பதிலாக சீலா மீனும் இறாலும் நுழையும். கறியை விட்டுவிட்டு இறால் தொக்கு தின்பது எந்த ஊர் ஒறுத்தல் என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். இன்றைக்குக் கேட்டாலும் நாத்தனார் முறைப்பார்.

டீயை விட்டேன், கறியை விட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு ஆளுக்காக நேர்ந்துகொண்டு ஒன்றை விட்டால் அதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பலன் போய்விடும் என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். நேர்ந்தவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அந்த வருடம் நான் மாத்திரையை விட்டதை ஒரு மாதம் வரை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க இந்த வழக்கம்தான் எனக்கு வசதியாக இருந்தது.

மாத்திரை போட ஆரம்பித்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு ஏற்றுமதி ஆபீஸில் எனக்கு வேலை. கப்பலேறப் போகிற சரக்கின் தாள்களைப் பார்த்து, கண்டெய்னர் நம்பர் சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பதினாறு வருடம் செய்த வேலை. ஒரு நாள் ஒரே நம்பரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரி என்று கண்ணுக்குத் தெரிகிறது, மனசு நம்ப மாட்டேன் என்கிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை வேர்த்து விட்டது. இருதயம்தான் என்று பயந்து ஈசிஜி எடுத்தார்கள். இருதயம் நன்றாக இருந்தது. ஆனால் நான் நன்றாக இல்லை. தூக்கம் போயிற்று, பசி போயிற்று. குளிக்கப் போவதற்கே ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

யாரிடம் சொன்னாலும் முதலில் காரணம் கேட்டார்கள். உனக்கு என்ன குறை என்றார்கள். கணவருக்குக் கப்பலில் வேலை, ஒரே மகள், அவளும் நன்றாகப் படிக்கிறாள், சொந்த வீடு. குறை ஒன்றையும் என்னால் காட்ட முடியவில்லை. காட்ட முடியாதது எனக்கே அவமானமாக இருந்தது. ஆபீஸிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்த்தேன். தூத்துக்குடியில் பார்த்தால் யாராவது பார்த்துவிடுவார்கள்.

டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுவரை வயிற்றைப் புரட்டலாம், பயந்து நிறுத்தாதீர்கள் என்றார். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள், சளி மருந்து வாங்கினாலும் கேட்டு வாங்குங்கள் என்றார். கடைசியாக, நன்றாக ஆனதும் தானாக நிறுத்தத் தோன்றும், அப்போது என்னிடம் வாருங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாகச் சொன்னதைத்தான் மறந்தேன்.

மாத்திரை தொடங்கி ஆறாவது வாரமோ என்னவோ, திரேஸ்புரத்தில் மீன் வாங்கப் போன இடத்தில், முந்தின நாள் மீனை இன்றைக்குப் பிடித்தது என்று சொல்லி என் பையில் போடப் பார்த்த பெண்ணிடம் சண்டை போட்டேன். செவுளைத் தூக்கிக் காட்டி, ஊரைக் கூட்டி, விலாவாரியாகச் சண்டை போட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது, எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று. பல மாதமாக அது வரவில்லை. அழுகை வந்தது, பயம் வந்தது, கோபம் வரவில்லை. ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

மாத்திரை விஷயம் கணவருக்குத் தெரியும். ஒன்பது மாதம் கடலில் இருக்கிற மனுஷன் போனில் "போட்டியா?" என்று கேட்பார், "போட்டாச்சு" என்பேன். மகளிடம் வைட்டமின் என்று சொல்லியிருந்தேன். தெரிந்த இன்னொருவர் எங்கள் தெருமுனை மெடிக்கல் அண்ணாச்சி. மாதாமாதம் சீட்டைக் காட்டி அவரிடம்தான் வாங்குவேன். அட்டையைத் தாளில் சுற்றி, பெயர் வெளியே தெரியாமல் தருவார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மகள் அந்த வருடம் பிளஸ் டூ. தவக்காலமும் பரீட்சையும் ஒன்றாக வந்தன. நெற்றியில் சாம்பலோடு கோயிலில் நின்றபோது அவளுக்காக எதையாவது விட வேண்டும் என்று தோன்றியது. டீ, கறி எல்லாம் எனக்குப் பெரிதில்லை. எது இல்லாமல் என்னால் இருக்க முடியாதோ அதை விட்டால்தானே அது ஒறுத்தல் என்று யோசித்தேன். மாத்திரைதான் நினைவுக்கு வந்தது. எட்டு மாதமாக முழுக்க நன்றாக இருக்கிறேன், இன்னும் எதற்கு அந்த ஊன்றுகோல் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. அதற்குப் பக்தி என்று பேர் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பாதிக்குமேல் வீம்பு.

மூன்றாவது நாள் தலை சுற்றியது. கண்ணை வலமிடமாகத் திருப்பினால் மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. கெட்ட கெட்ட கனவு. வாந்தி வருகிற மாதிரியே இருக்கும், வராது. வேறு எதற்காவது இப்படி ஆகியிருந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டிருப்பேன். இது ஒறுத்தல் ஆயிற்றே! வலித்தால்தானே ஒறுத்தல்? வலிக்க வலிக்க, ஆண்டவர் ஏற்றுக்கொள்கிறார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை ஜெபத்தில் முழங்காலிட்டு எழும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதையும் மகளின் பிசிக்ஸுக்கு ஒப்புக்கொடுத்தேன். எவ்வளவு மடத்தனம் என்று இப்போது எழுதும்போது முகம் சுடுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை, பெருமையாக இருந்தது.

இரண்டு வாரத்தில் தலைசுற்றல் குறைந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் பழையது வந்தது. முதலில் தூக்கம் போனது. பிறகு நம்பர்களை மறுபடியும் திரும்பத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தேன். கணவர் போனில் கேட்டபோது, "போட்டாச்சு" என்று சொன்னேன். பொய் சொல்வதற்காகவும் தனியாக ஒரு ஜெபம் சொன்னேன். நான் இல்லாமல் போனால் இவர்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி என்ற எண்ணம் ஒரு நாள் வந்தது. மறுநாளும் வந்தது. பிறகு போகவே இல்லை.

பிசிக்ஸ் பரீட்சை அன்று காலையில் மகள் கேட்டாள்.

"யம்மா, என் நீலப் பேனாவப் பாத்தியா?"

அவள் இரண்டாவது தடவை கேட்டாள். நான் கன்னத்தில் அறைந்தேன்.

பதினேழு வருடத்தில் அவளை நான் அடித்ததில்லை. அவள் அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பைப் போட்டபடி "போயிட்டு வாரேன்" என்று சொன்னாள். அப்படிச் சொல்லாமல் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆபீஸுக்குப் போகவில்லை. தலை வெடித்துவிடும் போல இருந்ததால் மெடிக்கலுக்குப் போய், நல்ல வலி மாத்திரை ஒன்று தாருங்கள் என்றேன். அண்ணாச்சி எடுக்கப் போன கையை நிறுத்தினார்.

"யம்மா, நீங்க அந்த மாத்திர போடுதீங்கள்லா? அதுகூட இந்த வலி மாத்திர சேரக் கூடாதே."

"அத விட்டாச்சு அண்ணாச்சி."

"டாக்டர் விடச் சொன்னாவளா? ஒரு மாசமா சீட்டக் காணோமேன்னு நெனச்சேன்."

"ஏன், உங்க யாபாரம் படுத்துட்டோ?" என்று வெடுக்கென்று கேட்டேன். கடையில் கையில் கட்டுப் போட்ட ஒரு படகுக்காரர் களிம்புக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை.

"யாபாரம் கெடக்கட்டும். யாரு விடச் சொன்னா?"

அவர் பார்த்த பார்வையில் எனக்குப் பொய் வரவில்லை. "தவக்காலம்லா. பிள்ளைக்காக நேந்துக்கிட்டேன்" என்றேன். சொன்னதும் பலன் போய்விட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவர் அலமாரிக் கதவைச் சாத்தினார். பிறகு, "சஷ்டிக்கு ஆறு நாள் நானும் வெரதம் இருப்பேன். சுகர் மாத்திரய என்ன செய்யணும்னு டாக்டரக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன். இன்னைக்கு வரைக்கும் முருகன் கோவிச்சுக்கிடல" என்றார்.

சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. "சரி, ஒரு அட்ட தாங்க, இப்பவே போட்டுக்கிடுதேன்" என்றேன். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் விட்டதை எடுத்த எடுப்பில் பழைய அளவில் போடலாமா என்று தனக்குத் தெரியாது, டாக்டர் சொல்லட்டும் என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். என் போனில் இருந்த பழைய சீட்டின் படத்தைப் பார்த்து டாக்டருக்கு நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

டாக்டரம்மா திட்டவில்லை. என்றைக்கு நிறுத்தினீர்கள், என்னென்ன செய்தது, தூக்கம் எப்படி என்று கேட்டார். பிறகு, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டார்.

பக்கத்தில் படகுக்காரர் நிற்கிறார். அண்ணாச்சி நிற்கிறார். தெருவில் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். பாளையங்கோட்டை வரை ஓடி ஓடி ஒளித்த விஷயம் இது.

"ஆமா" என்றேன்.

படகுக்காரர் களிம்பு வாங்காமலேயே கடையிலிருந்து இறங்கி, வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டார். அந்த மனிதர் யாரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தனியாக இருக்கக் கூடாது, யாரையாவது கூட்டிக்கொண்டு இப்போதே புறப்பட்டு வாருங்கள் என்றார் டாக்டர். நாத்தனாரைக் கூப்பிட்டேன். இந்த விஷயம் யாருக்குத் தெரியக் கூடாது என்று நான் பயந்தேனோ அவரேதான். நான் மைனி என்று கூப்பிடுகிற அவர் பத்து நிமிடத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். அண்ணாச்சி இரண்டு வார்த்தையில் சொன்னார். மைனி என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "ஏளா, எங்கிட்ட சொல்லப்படாதா?" என்று மட்டும் கேட்டார். பாளையங்கோட்டை வரை பஸ்ஸில் என் கையை விடவே இல்லை.

டாக்டரம்மா குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார். சில நாளுக்கு ஒருமுறை போனில் பேச வேண்டும், வாரம் ஒரு தடவை நேரில் வர வேண்டும், இப்போதைக்கு மாத்திரை அட்டை மைனியிடம் இருக்கட்டும் என்றார். மகளிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகள் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வைட்டமின் என்று சொன்னது பொய், அது மனசுக்குப் போடுகிற மாத்திரை, உன் பரீட்சைக்காக அதை விட்டேன் என்றேன். காலையில் உன்னை அடித்தது தப்பு, அந்த நோய் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், கை என்னுடையது என்றேன். செத்துப்போகத் தோன்றியதையும் சொன்னேன். மைனி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் புத்தகத்தை மூடினாள். அடித்ததைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்காகவா விட்ட?"

"ஆமா."

"நான் கேட்டேனா?"

நான் மூடின புத்தகத்தைப் பார்த்தேன்.

"நீ செத்துப் போயிருந்தா, அம்மா எனக்காகத்தான் செத்தான்னு நான் சாகுற வரைக்கும் நெனச்சுக்கிட்டே இருக்கணும். அத வச்சிக்கிட்டு நான் பாஸாகி என்ன செய்ய? சொல்லு, நான் கேட்டேனா?"

குரல் உயர்ந்துகொண்டே போனது. என் கோபம் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தது. அவள் எழுந்து போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். மைனியிடம் கையை நீட்டி மாத்திரையை வாங்கி, என் உள்ளங்கையில் வைத்தாள். போட்டு விழுங்கினேன்.

"வாயத் தொற" என்றாள்.

என்னை நம்பவில்லை. நம்புவதற்கு நான் இடம் வைக்கவும் இல்லை. வாயைத் திறந்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னாள், தூக்கிக் காட்டினேன். குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் என் பிள்ளை அழுதாள்.