ஒற்றைக்காலில் நின்ற மாதங்கள்

நாற்பது வயதை நெருங்கும்போது என் வலது கணுக்கால் இரண்டாம் முறையாகப் பிசகியது. கம்பத்தை அடுத்த கூடலூர்ப் பக்கம் மலையடிவார மின்நிலையம் ஒன்றில் அப்போது ஷிப்ட் வேலை பார்த்தேன். ஊழியர் குடியிருப்பில் செம்மண் டென்னிஸ் கோர்ட் ஒன்று இருந்தது. அடுத்த மாதம் வெளியூர் கிளப்போடு போட்டி. பக்கவாட்டில் ஓடி நிற்கும்போதெல்லாம் கால் மடங்கி விழுந்தேன்.

தேனி எலும்பு டாக்டர் அமுக்கிப் பார்த்தார். "கட்டுப் போட்டா மட்டும் பத்தாது. தினமும் ஒத்தக் கால்ல நில்லுங்க. பழகினதும் கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க. பொறகு யாரையாவது பந்து போடச் சொல்லி, நின்னபடியே பிடிங்க."

வேலை முடிந்து வந்து பின்கட்டில் நிற்பேன். என் மனைவி எண்ணுவாள். கம்பத்துப் பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் பாடம் நடத்திவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கியவள் அவள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் எனக்குப் பந்து போடுவாள். தரையில் நின்று பழகியபின் வைக்கோல் திணித்த சாக்கின் மேல் நின்றேன். அப்புறம் கோடு கிழித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவி, ஆடாமல் நிற்கப் பழகினேன். கால் பேச்சைத் தவிர இருவருமே அதிகம் பேசுவதில்லை. பேசத் தெம்பு இருக்காது.

ஒருநாள் இருபது எண்ணுவதற்குள் நான் சரிந்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"நீ நின்னு பாரு. அப்பத் தெரியும்," என்றேன் எரிச்சலோடு.

சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள். கண்ணை மூடியதும் துணி துவைக்கும் கல்லின்மேல் சாய்ந்தாள். மறுபடி நின்றாள், மறுபடியும் அதே பக்கம். மூன்றாம் முறை நான் தாங்கிப் பிடித்தேன். இரண்டு காலையும் ஊன்றி நிற்கச் சொன்னேன். அப்படியும் கண்ணை மூடினால் சாய்ந்தாள்.

"ரெண்டு மாசமா இப்பிடித்தேன் இருக்கு. பஸ்ஸ விட்டு எறங்கினா தரை நகருது," என்றாள்.

"ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்ல? வீட்டுக்குள்ள வந்ததும் உங்க காலப் பத்தித்தேன பேச்சு."

அவளைக் கல்லின்மேல் உட்கார வைத்தேன்.

மதுரையில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆடாமல் நிற்க வைக்கும் உள்காது நரம்பு ஒரு பக்கம் கெட்டிருக்கிறது, அது இனித் தேறாது, உடம்பைப் பழக்கித்தான் சமாளிக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன பயிற்சிகளில் பாதி, நான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவை.

போட்டியில் எனக்குப் பதில் ஸ்டோர் கிளார்க் ஆடினார். நம்மவர்கள் தோற்றார்கள் என்று யாரோ சொன்னார்கள். பின்கட்டில் அவள் நிற்க, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சில நாள் அவளுக்கு வாந்தி வரும். "இன்னைக்கு வேணாமே," என்பாள். பத்து மட்டும் எண்ணலாம் என்பேன். அவள் உட்கார்ந்துவிட்டால் சமையல் என்னுடையது. என் கணுக்கால் எப்போது தேறியது என்று நான் கவனிக்கவே இல்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. பகலில் பிடிமானமின்றி நடந்தாள். கரண்ட் போனால் மட்டும் சுவரைத் தொட்டுக்கொள்வாள். போதும் என்றார் டாக்டர். அதன் பிறகும் சில வாரம் செய்தோம். ஒரு சாயங்காலம் இருவருமே அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். எழுந்திரு என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.