கற்பூரம் இல்லாமல் ஏறிய மலை

மலைக்குப் பின்புறம், அடி அண்ணாமலை வயல்களைப் பார்த்தபடி, பாறைகள் குத்திட்டு நிற்கும் ஓர் இடம் இருக்கிறது. சில ஆள் உயரம், சில பனை உயரம். என் மகள் அதற்கு ஊசிப்பாறை என்று பெயர் வைத்திருந்தாள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண் அவள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அங்கே போக வேண்டும். நானும் கூடப் போவேன். ஆசையால் அல்ல. அவளைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. வகுப்பையே ஓர் அதட்டலில் அடக்குகிற டீச்சர் நான். அந்தப் பாறைகளுக்கு நடுவே "பாத்து, பாத்து" என்பதைத் தவிர எனக்கு வேறு பேச்சு வராது.

இந்த மலையில் யாரும் செருப்புப் போட்டு ஏறுவதில்லை. வெறுங்காலை இடுக்குகளில் வைத்து அவள் சரசரவென்று ஏறிவிடுவாள். உடும்பு வெயில் காயும் இடம், கீரி நுழையும் பொந்து, முள்ளம்பன்றி முள் உதிர்த்துப் போன தடம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த மாசியில் கொம்பன் ஆந்தையின் குஞ்சுகளைக் கண்டுபிடித்தாள். உயரமான பாறையின் நெஞ்சில் ஒரு திட்டு. அதில் அழுக்குப் பஞ்சுப் பொதிகளைப் போல இரண்டு.

"அதுங்க பறக்கிற வரைக்கும் வாராவாரம் வந்து பாக்கணும்மா" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

விஷயம் என் மூத்தாருக்கு, கணவரின் அண்ணனுக்கு, எட்டியது. ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

"ஆந்த மூஞ்சில முழிக்கவா மல ஏறுறீங்க? ரெண்டு பொம்பளைங்க தனியா போறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அடுத்த ஞாயிறு அவரும் கிளம்பிவிட்டார்.

பாறையை நெருங்கியதும் மகள் குரலைத் தாழ்த்தினாள். "பெரியப்பா, மெதுவா. அதுங்க தூங்குது."

"பகல்ல தூங்குற ஜென்மம் உங்கப்பன் ஒருத்தன்தான்னு நெனச்சேன்" என்றார். மூவரும் சிரித்தோம்.

அவள் பாறையில் ஏறிக்கொண்டிருந்தாள். கீழே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் ஊருக்கு மலைதான் சாமி. கார்த்திகைத் தீபம் ஏற்ற மேலே போனாலும், மிதித்த குற்றத்துக்காகப் பிறகு பரிகார பூஜை செய்கிற ஊர். அவர் மடியிலிருந்து கற்பூரப் பொட்டலத்தை எடுத்தார். பாறையின் குடைவில் முழுவதையும் கொட்டிக் கொளுத்தினார். சுற்றியிருந்த காய்ந்த புல்லும் பற்றிக்கொண்டது.

"மிதிச்சிட்டோம், மன்னிச்சுக்கோ சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தக் குடைவுக்கு நேர் மேலே மலைத்தேனீயின் அடைகள் கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் எப்போதும் சத்தமில்லாமல் கடந்துபோகிற இடம்.

"பெரியப்பா, அணைங்க! மேல தேனட!" என்று அவள் மேலிருந்து கத்துவதற்குள் புகை போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலில் சத்தம்தான் வந்தது. அவர் துண்டை வீசியெறிந்துவிட்டுச் சரிவில் ஓடினார். நான் அண்ணாந்து பார்த்தேன். என் மகள் இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் தேனீக்கள் உட்கார்ந்துகொண்டிருந்தன. தட்டிவிடக் கையை எடுத்தால் கீழே விழுவாள். அவள் எடுக்கவில்லை. ஒரு கால், ஒரு கை, மறுபடி ஒரு கால் என்று, கொட்டக் கொட்ட இறங்கிவந்தாள். கைக்கு எட்டியதும் புடவைக்குள் சுருட்டி இழுத்துக்கொண்டு புதருக்குள் விழுந்தேன்.

இன்றும் கோயிலில் தீபாராதனைத் தட்டு கிட்டே வரும்போது என் கை தானாக அவள் முகத்தைத் தேடுகிறது.

வீட்டில் அவள் கண் திறக்க முடியாமல் கிடந்தாள். டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனார். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. "பொண்ணு மொகம் பழையபடி ஆயிடுமா?" என்று கேட்டவர்கள்தான் ஜாஸ்தி. உதடு வீங்கி, கொட்டின இடமெல்லாம் வெற்றிலைச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த மூத்தார் தீர்ப்புச் சொன்னார்.

"சாமி காட்டிடுச்சு பாத்தியா? வயசுப் பொண்ணு மலய மிதிச்சா இதான். இனிமே இந்த வீட்ல மலப் பேச்சே கூடாது."

"அண்ணன் சொல்றதக் கேளு" என்றார் என் கணவர்.

பாயிலிருந்து மகள் குரல் வந்தது. "நான் விழலியேம்மா. இனிமே போகவே கூடாதா?"

கல்யாணமாகி வந்த நாளாக மூத்தாரின் முகத்தைப் பார்த்து எதிர்ப்பேச்சு பேசியவள் இல்லை நான். அன்று பேசினேன்.

"மாமா, கற்பூரம் ஏத்தினது நீங்க. பொக போச்சு, தேனீ வந்துச்சு. இதுல சாமி எங்க வந்தாரு? மலதான் சாமின்னா ஆந்தையும் தேனீயும் அவரு மேலதான குடியிருக்கு? அதுங்க என்ன பரிகாரம் பண்ணிட்டா குடி வந்துச்சு?"

"டீச்சரம்மா பாடம் எடுக்க வந்துட்டாங்க."

"ஆமா மாமா, எடுக்கறேன். இவ கண்ணு தொறக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழம நாங்க போறோம்."

எனக்குப் பயமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வாரம் முழுக்க ஈ பறந்தாலும் உடம்பு தூக்கிப்போட்டது. ஆனால் ஊர் சொல்வதை அவள் நம்பிவிட்டால், வீக்கம் வடிந்த பிறகும் அந்தப் பாயைவிட்டு எழமாட்டாள். தேனீயைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

ஞாயிறு காலை மூத்தார் வாசலை மறித்து நின்றார். கையில் கற்பூரப் பொட்டலம். "இதையாவது எடுத்துட்டுப் போ."

"வேணாம் மாமா" என்று தாண்டிப் போனேன். அவளுக்கு ஒரு கண் இன்னும் பாதிதான் திறந்திருந்தது.

பாறைக் குடைவில் கரி படிந்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு, அடைகள் இல்லாத பக்கமாகப் போனோம். அவள் ஏறினாள். "பாத்து" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

மேலிருந்து மெல்லக் கூப்பிட்டாள். "ரெண்டும் இருக்கும்மா. ஒண்ணு ரெக்கைய விரிச்சிப் பாக்குது."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"நானும் பாக்கணும். மொதல்ல எங்க கால வைக்கணும், சொல்லு" என்றேன்.