பேச வர வேண்டும், பாட வரக் கூடாது

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கரன்ட்காரர், அவ்வளவுதான். வீடுகளுக்கு ஒயரிங் செய்பவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு, கட்டி முடிக்காத ஒரு வீட்டில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தபோது ஏணியிலிருந்து விழுந்தார். முதுகுத்தண்டில், மார்பு உயரத்தில் அடி. அதற்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கைகள் மட்டும் பழையபடி இருக்கின்றன. வாயும்தான். ஆனால் ஊரையே சிரிக்க வைத்த அந்த வாய், வீட்டுக்கு வந்த பிறகு மூடிக்கொண்டது.

அதில் அக்காவுக்குப் பாதிப் பங்கு உண்டு. அவர் விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது பதினொன்று இருபதுக்கு. அக்கா அவருக்குப் போன் போட்டதும் அதே நேரத்தில்தான். தையல் மெஷின் மோட்டார் நின்றுவிட்டது என்று சொல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"என் போனை எடுக்கப் போய்த்தான் விழுந்திருக்காருடி. நான்தான் தள்ளிவிட்டேன்."

"நீயா ஏன் நினைச்சுக்கிற? அவரையே கேளு."

"கேட்டு, ஆமான்னுட்டா?"

கேட்கவே இல்லை. குளிப்பாட்டினாள், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாள், முகத்தை மட்டும் நேருக்கு நேர் பார்க்க மாட்டாள். தன்னைச் சுமந்து சுமந்து அவளுக்கு அலுத்துவிட்டது என்று மாமா முடிவு கட்டிக்கொண்டார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் தூது போய் நொந்துபோனேன். மாடி வீட்டில் குடியிருக்கும் எனக்கு வேறு வேலை இல்லையா?

இப்படி இருக்கும்போதுதான் பிசியோதெரபி பார்க்கும் பெண்மணி ஒரு பேச்சை எடுத்தார். உட்கார்ந்தே இருந்தால் இதயமும் நுரையீரலும் மந்தமாகிவிடும், வாரத்தில் மூன்று நாளாவது இருபது நிமிடம் மூச்சு வாங்கக் கைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றார். மாமா பழைய சைக்கிளின் பெடல்களைக் கழற்றி மேஜையில் முடுக்கினார். பிரேக் கட்டை ஒன்றை வைத்து, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் பொருத்தினார். கையால் மிதிக்கும் சைக்கிள் தயார். மார்புக்குக் கீழே அவருக்கு வியர்க்காது, உடம்பு சூடேறிவிடும். அதனால் இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தாள் அக்கா. நான் தெளிப்பேன், டேபிள் ஃபேன் சுற்றும், அவர் மிதிப்பார்.

அக்கா ஒரு துடிப்பு பார்க்கும் பட்டையை வாங்கி அவர் மணிக்கட்டில் கட்டினாள். அவர் வயதுக்கு நூற்று முப்பதாவது வர வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தாள். நூற்றெட்டைத் தாண்டவே இல்லை. மனிதர் ஏமாற்றுகிறார் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரியாமல் திருகை ஒரு சுற்று இறுக்கினாள். அவரும் ஏன் இப்படிக் கனக்கிறது என்று கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். மூன்றாவது வாரம் தோள் பிடித்துக்கொண்டது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தானாக மாறிக்கொண்டிருந்தவர், பத்து நாள் எங்கள் கையை எதிர்பார்த்துக் கிடந்தார். கோபத்தில் அக்காவை நான் பிடிபிடியென்று பிடித்தேன். இதுவும் தன்னால்தான் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டாள் போலிருக்கிறது.

பிசியோ அம்மா வந்து பட்டையைக் கழற்றிப் போட்டார். "இவ்வளவு மேலே அடிபட்டவங்களுக்குத் துடிப்பு ஒரு அளவுக்கு மேல ஏறாது. மூளையிலிருந்து வர்ற சேதி இதயத்துக்குச் சரியாப் போகாது."

"ஸ்விட்ச் போட்டாலும் லைட்டுக்குக் கரன்ட் போகல," என்றார் மாமா. பல மாதங்களுக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக்.

"அதேதான். மூச்சைப் பாருங்க. பேச வரணும், பாட வரக் கூடாது. அதுதான் சரியான வேகம். கூட ஒருத்தர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க." அவர் கை காட்டியது அக்காவை.

மாட்டிக்கொண்டாள். முதல் நாள் "சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்றாள். "இருந்துச்சு" என்றார். மிச்சம் பத்தொன்பது நிமிடமும் ஃபேன்தான் பேசியது. அடுத்த நாள் ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கை தைத்துவிட்ட கதையைச் சொன்னாள். அவர் சிரித்தார், மூச்சு தப்பி இருமினார். பிறகு எதிர்வீட்டுச் சண்டை, அவர் வேலை செய்த வீடுகள், எந்த வீட்டில் எந்த ஸ்விட்ச் எதற்கென்று யாருக்குமே தெரியாது என்பது. இரண்டு மாதத்தில் அவர் கை வேகம் கூடியது, அக்காவிடம் இருந்த கதைகள் தீர்ந்தன.

ஒரு வியாழக்கிழமை, பாதி மிதித்துக்கொண்டிருந்தார். அக்கா வெகு நேரம் சும்மா இருந்தாள். "பேசு, இல்லன்னா... நான் பாட... ஆரம்பிச்சிடுவேன்" என்றார் மாமா. அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கு என் போனை எடுக்கப் போய்த்தானே விழுந்தீங்க?"

பெடல் நிற்கவில்லை.

"போனா? அது... கீழே... சாப்பாட்டுப் பையில... கிடந்துச்சு. நீ பண்ணியா... அன்னிக்கு?"

"பண்ணேன்."

"எனக்குக்... கேட்கவே இல்ல. ஏணிக் கால்... வழுக்குச்சு." நாலு சுற்று சுற்றினார். "இதுக்கா... ரெண்டு வருஷம்... மூஞ்சியப் பார்க்கல? நான்... வேற என்னமோ..."

அக்கா குனிந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அந்த மடிக்கு அது தெரியாது. அவள் முதுகு குலுங்குவதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் ஒரு கையை எடுத்து அதன் மேல் வைத்தார்.

அப்போது என்னைப் பார்த்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவரைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ்காரர், இவர் விரலைப் பிரித்துத்தான் எடுத்தோம் என்று சொல்லி அந்தப் போனை என் உள்ளங்கையில்தான் வைத்தார். துடைத்துப் பையில் போட்டேன். யாரிடமும் சொன்னதில்லை. மாமாவுக்கும் எனக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச்சு நடந்ததில்லை.

மூச்சு வாங்கும்போது மனிதனுக்குப் பொய் வராது என்று நினைத்திருந்தேன். பாட்டிலை எடுத்து அவர் கழுத்தில் தண்ணீர் தெளித்தேன்.

"இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு மாமா," என்றேன்.