நூற்று முப்பத்து நாலு டிகிரி

வண்டிச் சோதனையில் ஓட்டுநர் சாலையைப் பார்ப்பார். பக்கத்து சீட்டில் இருக்கும் நாங்கள் கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டைப் பார்ப்போம். ஒரே நம்பரை நாள் முழுக்க முறைத்துப் பயந்தவர் யாராவது இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

முதல் அலறல்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. புது மாடல் கார் ஒன்று, படுக்கையும் சமையல் மேடையும் வைத்த கேரவனை இழுத்துப் போக வேண்டும். பாரம் இழுத்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறும். அளவு மீறினால் உள்ளே பிடிப்பு போய்விடும். நூற்று இருபதைத் தொட்டால் நிறுத்தச் சொல்ல வேண்டியது நான்.

ஓட்டுநர் ஏழுமலை அண்ணன் வாலாஜாபாத்காரர். முதல் நாள் தொண்ணூற்றைந்து வந்ததுமே, "நிப்பாட்டுங்கண்ணே!" என்று அலறிவிட்டேன். பதறிப்போய் ஓரம் கட்டி, இறங்கி, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"வண்டி நல்லாத்தான் கீது தங்கச்சி. நீ கத்துன கத்துல எனக்குத்தான் சூடு ஏறிப்போச்சு."

கன்டெய்னர் வரிசை

அந்த வெட்கத்தில் வாயைத் திறக்கவே கூச்சமாகிவிட்டது. இரண்டாவது வாரம், மே மாத மத்தியானம். முன்னால் கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நூற்றுப் பதினாலு, பதினெட்டு, இருபத்தொன்று. அண்ணன் சாலையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் சூப்பர்வைசருக்கு போன் போட்டு, "நிறுத்தவா சார்?" என்று கிசுகிசுத்தேன்.

"இன்னும் தாங்கும்மா. டெஸ்ட் பாதில நின்னா ரிப்போர்ட்ல உன் பேருதான் வரும்."

மேம்பாலம்

அண்ணனிடம் நிறுத்தச் சொல்லாமல் போனை வைத்தேன். வரிசை கலைந்து மேம்பாலம் ஏறத் தொடங்கினோம். பாதி ஏற்றத்தில் நூற்று முப்பத்து நாலு. கருகிய வாடை. என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. அடுத்த நொடி கேரவன் எங்களைப் பின்னால் இழுத்தது. கண்ணாடியில் ஒரு கம்பெனி பஸ். ஷிஃப்ட் முடிந்த பெண்கள் ஜன்னலோரம் தலைசாய்த்துத் தூங்குவதுகூடத் தெரிந்தது.

அண்ணன் பிரேக்கை மிதித்து, கை பிரேக்கையும் இழுத்தார். அப்படியும் அங்குலம் அங்குலமாகச் சறுக்கியது. "கட்டைய போடு!" என்றார். சக்கரத்துக்கு அடை கொடுக்க வண்டியில் வைத்திருந்த மரக்கட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உருளும் சக்கரத்துக்குப் பின்னால் கையை நீட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தள்ளினேன். மறுபக்கம் ஓடி இன்னொன்றை. நின்றது. பஸ்ஸுக்கும் கேரவனுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம்தான் மிச்சம், அதில் நின்றிருந்த ஆள் நான்.

சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நீ சொல்லுவேன்னு நம்பித்தானே தங்கச்சி நான் ரோட்ட மட்டும் பாத்துகினு வரேன்?"

ரிப்போர்ட்

சூப்பர்வைசர் போனில் சொன்னதையும், நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விடும் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போகவில்லை. புது கியர்பாக்ஸ் மாட்டிய பிறகு, நூற்றுப் பத்தொன்பதிலேயே ஓரம் கட்டச் சொன்னேன். என்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் ஓடவிட்டு, எண்ணெய் ஆறக் காத்திருந்தோம். அன்றும் சூப்பர்வைசருக்கு நானேதான் போன் செய்தேன். "நிறுத்தியாச்சு சார்," என்றேன்.

"சரிம்மா... ஆறட்டும். ஆறினதும் எடுங்க."

பயப்படுவதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்க, கம்பெனிக்கு ஒரு கியர்பாக்ஸ் போனது.